பீஜோ இன்ஜினும் காருகுறிச்சி நாகஸ்வரமும்

எங்கள் ஜீப்புக்குக் கதவு கிடையாது. மேலே படுதா, பக்கவாட்டில் சுருட்டிக் கட்டும் தார்ப்பாய், முன்னால் ஒரு கண்ணாடி. மறைப்பு என்று சொன்னால் அவ்வளவுதான். மகிந்திரா எம்எம் 540. போடியில் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் மாமா வாங்கியது. வருடக்கணக்கில் ட்ரிப் அடித்து, முழங்கால் வலி வந்து அவர் ஸ்டியரிங்கை விட்ட பிறகு வண்டி என் பெயருக்கு மாறியது. பானெட்டுக்குள் 2112 சிசி பீஜோ டீசல் இன்ஜின். பெயர் பிரெஞ்சுக்காரருடையது என்றாலும் போடி மெக்கானிக்குகள் வாயில் அது சொந்த ஊர்ச் சரக்குதான். அந்த இன்ஜின் மேட்டுச் சாலையில் இரண்டாவது கியரில் ஏறும்போது பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டினால் கேட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை, மரியாதைக்கு ஆட்டுகிறார்.

இப்படிப்பட்ட வண்டியில் பாட்டு செட் வைக்கப்போகிறேன் என்று நான் சொன்னதும் மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "யாருக்கு மாப்ள வைக்கப்போற? உனக்கா, பின்னால வர்ற லாரிக்காரனுக்கா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் கேட்கும் யோக்கியதை அவருக்கு இல்லை. ஏனென்றால் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் போடி ட்ரிப் ஜீப்புகளில் டேப் இல்லாத வண்டி குறைவு, அவருடையதும் அப்படித்தான். விடிவதற்கு முன்னால் தூக்குவாளியும் தலையில் கட்டிய துண்டுமாகத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் ஜீப்பை நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். போடியிலிருந்து போடிமெட்டு வழியாக, கம்பத்துக்காரர்கள் கம்பம்மெட்டு வழியாக, கேரளத்து ஏலக்காட்டுக்குப் பயணம். பின்சீட்டில் இரண்டு பக்கமும் எதிரெதிராகப் பலகை. எந்த வண்டியில் ஏறுவது என்பதில் கேசட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்று மாமாவே சொல்லியிருக்கிறார். நல்ல பாட்டுப் போடும் வண்டி முதலில் நிறையும்.

அந்த டேப் டேஷ்போர்டுக்கு அடியில் ஓர் இரும்புச் சட்டத்தில் தொங்கும். ராத்திரியானால் உருவி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். கேசட் கடையில் வாங்கியது குறைவு, ரெக்கார்டிங் சென்டரில் பேப்பரில் பாட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்தது அதிகம். விவரம் தெரிந்த டிரைவர் எப்போதும் அறுபது நிமிடக் கேசட்தான் கொடுப்பார், தொண்ணூறைத் தொடமாட்டார். அறுபதில் நாடாவின் கனம் 18 மைக்ரான், தொண்ணூறில் 12 மைக்ரான் அளவுதான். அதே ஓட்டுக்குள் கூடுதல் நாடாவைச் சுற்ற வேண்டுமென்றால் மெலிசாக்கித்தானே ஆகவேண்டும். வெயிலில் நின்ற ஜீப்பில் அந்த மெலிசு நாடா ரோலரில் சுற்றிக்கொள்ளும். பாட்டு இழுத்து, குரல் ஆண்பிள்ளைக் குரலாகி, அப்புறம் நிற்கும். டிரைவர் ஒரு கையால் நாடாவைப் பிடுங்கிச் சாலையோரம் எறிவார். அந்தக் காலத்தில் மெட்டுச் சாலையின் உன்னிச்செடிப் புதர்களில் பழுப்பு நாடாக்கள் வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடக்கும். இளையராஜா எத்தனை கிலோமீட்டர் அந்தப் புதர்களில் கிடந்தாரோ.

அப்படி ஒரு டேப் இருந்த இடம் காலியாக இருந்தது. சட்டத்தின் திருகாணித் துளைகள் மட்டும் டேஷ்போர்டின் அடி விளிம்பில் துருப்பிடித்துத் தெரிந்தன. அங்கேயே வைப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். மற்றதெல்லாம் குழப்பம்.

வேலை அப்போது சென்னையில். 2012 வாக்கில் காருக்கு எது வாங்கவேண்டும் என்றாலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் சீட் கவர், கண்ணாடி ஃபிலிம், ஸ்பீக்கர். ஒரு கடைக்குள் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க ஸ்பீக்கர் பதித்த பலகை. பொத்தானை அழுத்தினால் இது பாடும், அடுத்ததை அழுத்தினால் அது பாடும். கடைப் பையன் சுறுசுறுப்பு. "என்ன வண்டி சார்?" ஜீப் என்றேன். "தாரா?" இரண்டு வருடம் முன்புதான் தார் வந்திருந்தது. இல்லை, பழைய 540 என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆறுக்கு ஒன்பது ஓவல் ஸ்பீக்கர் ஒரு ஜோடியும், பின்சீட்டுக்கு அடியில் பன்னிரண்டு இன்ச் வூஃபரும், அதற்கு ஓர் ஆம்ப்ளிஃபயரும் என்று அடுக்க ஆரம்பித்தான். வூஃபரை ஒரு தட்டு தட்டிவிட்டான். கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. என் சட்டைப் பையும் அதிர்ந்தது. "சத்தம் எப்படி சார்?"

அருமையான சத்தம். ஆனால் அந்தக் கதவு மூடியிருந்ததால்தான் அருமை. மூடிய காருக்குள் காற்று போக வழியில்லாததால், அடித்தொனி சின்ன அறைக்குள் பல மடங்கு பெருகும். கதவில்லாத ஜீப்பில் அதே வூஃபர் போடி வயற்காட்டுக்கு உழைக்கும். அதோடு இன்னொரு கணக்கும் என் மனதில் ஓடியது. நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் வெடிக்கும். நிமிடத்துக்கு 1800 சுற்று என்றால் நொடிக்கு 30 சுற்று, 60 வெடிப்பு. அதாவது 60 ஹெர்ட்ஸ். ஆக்ஸிலேட்டரை மிதித்து 3000க்குப் போனால் 100 ஹெர்ட்ஸ். வூஃபர் எந்த இடத்தில் வேலை செய்யுமோ, சரியாக அந்த இடத்தில்தான் என் பீஜோ ஏற்கெனவே தவில் வாசித்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல் இன்னொரு தவிலை எதற்கு வைப்பது? இருக்கிற தவிலை விட்டுவிட்டு அதற்கு மேலே நிற்கக்கூடிய ஒரு குரலைத் தேடுவதுதான் புத்தி. பையனிடம் இதைச் சொல்லவில்லை. வூஃபர் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஜீப்காரர் கஞ்சன் என்று முகத்தில் எழுதிக்கொண்டான்.

செட்டின் பெட்டியில் "50 வாட் × 4" என்று பெரிய எழுத்து. பெட்டியைத் திறக்கச் சொல்லி, செட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே சின்னதாக ஒரு ஃபியூஸ் செருகியிருந்தது, 10 ஆம்பியர். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் சொச்சம் கொடுக்கும். பத்தால் பெருக்கினால் 144 வாட் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போவதே அவ்வளவு, அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். பிறகு 200 வாட் எங்கிருந்து வெளியே வரும்? தொடர்ந்து பாடினால் சேனலுக்கு இருபது வாட் வந்தால் பெரிய காரியம். இது ஒரு கம்பெனியின் பித்தலாட்டம் இல்லை, எல்லாப் பெட்டியிலும் இப்படித்தான். உச்சத்தில் ஒரு கணம் தொடும் எண்ணை அட்டையில் போடுவது அந்தத் தொழிலின் வழக்கம். ஆனால் ஃபியூஸ் பொய் சொல்லாது. செட் வாங்கப் போகிறவர்கள் முன்பக்கத்து விளக்குகளைப் பார்ப்பதை விட முதுகைப் பார்ப்பது நல்லது.

அந்த இருபது வாட்டை வைத்துக்கொண்டு பீஜோவை எதிர்ப்பது எப்படி? அதற்கு ஸ்பீக்கர் பெட்டியில் யாரும் படிக்காத ஓர் எண் இருக்கிறது. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்ற எண். கடையில் இரண்டு ஜோடி எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்றில் வாட் பெரிதாகவும் இந்த எண் 86 ஆகவும் இருந்தது. மற்றதில் வாட் சின்னது, இந்த எண் 92. மூன்று டெசிபல் கூட வேண்டுமென்றால் சக்தியை இரட்டிப்பாக்க வேண்டும். ஆறு கூட வேண்டுமென்றால் நாலு மடங்கு. ஆக, விலை குறைந்த இந்த ஜோடி, அதே இருபது வாட்டில், மற்றதற்கு எண்பது வாட் கொடுத்தால் வரும் சத்தத்தைத் தரும். ஆம்ப்ளிஃபயர் செலவு மிச்சம். ஐந்தேகால் இன்ச், பிளாஸ்டிக் கோன், ஓரத்தில் ரப்பர் வளையம். காகிதக் கோனுக்கு இனிமை அதிகம் என்பார்கள். இருக்கலாம். கேரள எல்லையில் ஜூன் மாதத்துச் சாரலில் ஒரு வாரம் நனைந்த பிறகு அந்த இனிமை அப்பளமாகிவிடும்.

செட்டில் சிடி வேண்டாம், யுஎஸ்பி போதும் என்றேன். பட்டை வில்லில் ஓடும் வண்டியில் சிடி ஒரு குழியைத் தாண்டுவதற்குள் மூன்று தரம் தாவும். முகப்பைக் கழற்றி எடுத்துப் போகக்கூடிய மாடல் என்பது மட்டும் கட்டாயம். பூட்டே இல்லாத வண்டிக்கு அதுதான் பூட்டு.

ஊருக்கு வந்து எங்கே வைப்பது என்ற பஞ்சாயத்து. இரண்டாம் உலகப்போருக்கு வில்லிஸ் தயாரித்த ஜீப்பின் பேரப்பிள்ளை இது. அந்த டேஷ்போர்டு ஒரு தகரத் தகடு, பாட்டு என்ற யோசனையே இல்லாமல் செய்தது. ஸ்பீக்கரைக் கதவில் வைக்கலாமென்றால் கதவு இல்லை. பின்சக்கரத்து மேடையில் வைத்தால் பலகையில் உட்காருகிறவர்களின் கெண்டைக்கால்தான் பாட்டுக் கேட்கும். டேஷுக்கு அடியில் வைத்தால் வலது பக்கம் ஆக்ஸிலேட்டர் மிதிக்கிற பாதத்தில் இடிக்கும். முன்சீட்டுக்குப் பின்னால் படுதாவைத் தாங்கி நிற்கும் இரும்புக் குழாய்ச் சட்டத்தைக் காட்டியது மாமாதான். "காதுக்குப் பக்கத்துல வச்சா மெதுவாப் பேசினாலே போதுமே. நாங்க வண்டில அப்படித்தான் பேசுவோம், காதுகிட்ட வந்து." அவர் டெசிபல் படித்தவர் இல்லை. ஆனால் தூரம் பாதியானால் சத்தம் ஆறு டெசிபல் கூடும் என்பதைத்தான் சொன்னார். அதுவும் நாலு மடங்கு சக்திக்குச் சமம், செலவில்லாமல்.

ஸ்பீக்கரை வெறுமனே குழாயில் கட்டித் தொங்கவிட்டால் ஆகாது. கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று தின்றுவிடும், குரல் சோகை பிடித்துப்போகும். பெட்டி வேண்டும். ஆசாரி மரைன் பிளைவுட்டில் இரண்டு சின்னப் பெட்டி செய்தார், தேங்காய்க்கு ஒரு சுற்றுப் பெரிசு. உள்ளே அடைக்க என்ன போடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஆசாரி சிரித்தார். போடியில் உட்கார்ந்துகொண்டு அடைக்கப் பஞ்சு கிடைக்குமா என்று கேட்கிறானே! இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர் இது. குடோனிலிருந்து ஒரு கைப்பிடி வாங்கி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே திணித்தார். இலவம்பஞ்சு தண்ணீரை இழுக்காது. ஒருகாலத்தில் கப்பல்களின் மிதவைச் சட்டைகளுக்குள் அதைத்தான் அடைத்தார்கள். மழைக்கூட்டத்தில் ஏறும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பஞ்சு ஏது?

பெட்டியை யூ கிளாம்ப் போட்டுக் குழாயோடு இறுக்கினோம். இடையில் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை. நட்டெல்லாம் நைலாக். சாதாரண நட்டை இந்த வண்டி ஒரு பக்கத்துக் கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் கழற்றிக் கையில் கொடுத்துவிடும்.

வயரிங் வேலை எலக்ட்ரீஷியன் அண்ணனுடையது. பேட்டரிக் கடையும் வைத்திருந்தார், பேச்சு குறைவு. முதலில் ஜீப்பின் பழைய வயர்க் கட்டைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார். மேல்தோல் நொறுங்கிக் கொட்டியது. "இதுல இருந்து ஒரு கரண்டும் எடுக்கக்கூடாது. நேரா பேட்டரியில இருந்து எடுப்போம்." பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் பெட்டி. ஃபியூஸ் தள்ளி இருந்தால், அதற்கு முன்னால் எங்காவது வயர் உரசித் தகரத்தில் பட்டால், காப்பாற்ற யாரும் இல்லை. முழு பேட்டரியும் அந்த இடத்தில் இறங்கும். தகரச் சுவரைத் தாண்டும் துளையில் ரப்பர் குரோமெட். செட்டிலிருந்து வந்த வயர்களில் மஞ்சள் எப்போதும் உயிரோடு இருக்கவேண்டியது, சிவப்பு சாவி போட்டால் மட்டும், கறுப்பு எர்த். மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் வண்டியை எடுக்காவிட்டால் செட் பேட்டரியைக் குடித்து வைத்திருக்கும்.

ஸ்பீக்கருக்கு வயர் மாட்டுவதற்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. கடிகாரத்துக்குப் போடும் பென்சில் பேட்டரி ஒன்றை எடுத்தார். இரண்டு துண்டு வயரால் ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொட்டார். டப் என்று ஒரு சின்னச் சத்தம், கோன் வெளியே துள்ளியது. பேட்டரியின் கூட்டல் தொட்ட முனையில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தார். அடுத்த ஸ்பீக்கரில் கோன் உள்ளே போனது, வயரை மாற்றித் தொட்டார், வெளியே வந்தது, புள்ளி. ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் நடுவில் நிற்கவேண்டிய பாடகர் காணாமல் போவார். முனையில் அச்சடித்த குறியை நம்பினால் போதாதா என்று கேட்டேன். "நம்பலாம். ஆனா பேட்டரி சொன்னா நிச்சயம்."

எல்லாம் மாட்டி, சாவி போட்டதும் பாடியது. இன்ஜினைக் கிளப்பியதும் பாட்டுக்குப் பின்னால் ஒரு கொசு வந்து சேர்ந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கொசுவின் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் இல்லையே, எங்கிருந்து இரைச்சல்? ஆல்டர்னேட்டரிலிருந்து. ரேடியோவில் மட்டுமா என்று பார்த்தார், யுஎஸ்பியிலும் வந்தது. நாய்ஸ் ஃபில்டர் என்று ஒரு டப்பா விற்கிறார்கள், இரைச்சல் என்றாலே அதைத்தான் மாட்டுவார்கள். அண்ணன் அதை எடுக்கவில்லை. செட்டின் முதுகில் செருகியிருந்த ஏரியல் வயரைப் பிடுங்கினார். கொசு செத்துப்போனது. மறுபடி செருகினார், உயிர்த்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. கறுப்பு வயரை மாட்டியிருந்த பழைய இரும்புச் சட்டம் பெயிண்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. எர்த் அங்கே சரியாக இறங்கவில்லை. அதனால் கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடி ஏரியல் வயரின் மேலுறை வழியாகப் போய்க்கொண்டிருந்தது, போகும்போது ஆல்டர்னேட்டரின் அழுக்கையும் கூட்டிக்கொண்டு. பாடியில் ஒரு போல்ட்டைச் சுற்றி எமரி பேப்பரால் வெள்ளையாகத் தேய்த்து, கறுப்பு வயரை அதில் முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். அப்படியே இன்ஜினுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு பின்னல் பட்டையும் புதிதாகப் போட்டார். கொசு திரும்பவில்லை.

இந்தப் பின்னல் பட்டைக்கு ஒரு பழைய கதை உண்டு. போர்க்காலத்து அமெரிக்க ராணுவ ஜீப்புகளில் வயர்லெஸ் செட் வைப்பதற்காக இன்ஜின், பானெட், பாடி எல்லாவற்றையும் இப்படிப் பட்டைகளால் ஒன்றோடொன்று கட்டி இரைச்சலை அடக்குவார்கள். அப்படி அடக்கிய வண்டிகளின் பானெட் எண்ணுக்குப் பின்னால் எஸ் என்ற ஓர் எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள். பழைய போர்ப் படங்களில் உற்றுப் பார்த்தால் தெரியும். அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அப்போ நம்ம வண்டிக்கும் எழுதிருவமா?" என்றார். அன்று அவர் பேசிய ஒரே வேடிக்கை அதுதான்.

படுதாவுக்கு மேலிருந்து இறங்கும் வயர் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கீழே ஒரு வளைவு வளைந்து மேலேறிப் போகும்படி விட்டார். வயர் வழியாக ஓடிவரும் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது.

பிறகு நான் உட்கார்ந்து செட்டுக்குள் நோண்டினேன். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஸ்பீக்கருக்கு அனுப்பாதே என்று சொல்ல அதில் வழி இருந்தது. அதைப் போட்டதும் சின்னக் கோன்கள் வீணாகத் துள்ளுவதை நிறுத்தின, குரல் தெளிந்தது. அடித்தொனியை பீஜோவிடமே ஒப்படைத்தாயிற்று.

இனி யார் பாடுவது என்ற கேள்வி. வீட்டில் ஹெட்போனில் நான் உயிரை விடும் பாட்டுகளில் பாதி ஜீப்பில் காணாமல் போயின. பி.பி. ஸ்ரீனிவாஸ் மைக்கின் காதில் ரகசியம் சொல்கிறவர், மூணாவது கியரிலேயே அவர் கரைந்துவிட்டார். ஏ.எம். ராஜாவும் அப்படியே. சிட்டிபாபுவின் வீணையில் மீட்டு மட்டும் கேட்டது, கமகம் டீசல் புகையோடு போனது. சீர்காழி கோவிந்தராஜன் வந்தார், நின்றார். டி.எம். சௌந்தரராஜன் நின்றார். கே.பி. சுந்தராம்பாள் வந்தபோது பீஜோ வாயை மூடிக்கொண்டதுபோல இருந்தது. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் குரலை எறிந்து பழகிய தலைமுறை அது. 1933-இல் போய்ச் சேர்ந்த கிட்டப்பாவின் பதிவுகள் கீறலும் கரகரப்புமாக இருக்கும். வீட்டில் கேட்கப் பொறுமை வேண்டும். ஜீப்பில் கீறல் கேட்காது, கிட்டப்பா மட்டும் கேட்பார். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட இடத்தில் அந்தக் குரல்களுக்கு வலு இருக்கிறது, பீஜோவுக்கு அங்கே வேலை குறைவு.

எல்லாரையும் விட மேலே நின்றது காருகுறிச்சி அருணாசலம். நாகஸ்வரம் கூரைக்குக் கீழே வாசிக்கச் செய்த வாத்தியம் இல்லை. சாமி நாலு வீதி சுற்றும்போது தவிலுக்கும் கூட்டத்துக்கும் வேட்டுக்கும் மேலே எழும்பவேண்டியது. கதவில்லாத ஜீப்பும் ஒரு வீதிதானே. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகி அவருடைய நாகஸ்வரத்தோடு போட்டியிட்டுப் பாடிய பாட்டை முந்தல் சோதனைச் சாவடி தாண்டி ஏற்றத்தில் போட்டேன். வாத்தியமும் குரலும் மாறி மாறி மேலே ஏற, இன்ஜினும் கீழே ஒரே சுருதியில் ஏறியது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலை மடிக்க எடுத்த கை மட்டும் நின்றது.

ரேடியோவும் உண்டு. கோடை பண்பலை 100.5. கொடைக்கானல் உச்சியில் கோபுரம் இருப்பதால் கீழே நாலைந்து மாவட்டத்தில் எந்த டீக்கடையிலும் அதுதான் ஓடும். மெட்டு ஏறும்போது ஒரு வளைவில் தெளிவாக வரும், அடுத்த வளைவில் மலை குறுக்கே வந்து மறைக்கும், அதற்கடுத்ததில் திரும்பக் கிடைக்கும். செய்தி கேட்டால் விலைவாசி ஏறியதா இறங்கியதா என்பது எந்த வளைவில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மாமா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். சத்தம் இருபதைத் தாண்டக்கூடாது. "பாட்டு இன்ஜினை மறைச்சா அது ஜீப் இல்ல மாப்ள, சவப்பெட்டி." அவர் காலமெல்லாம் காதால் வண்டி ஓட்டியவர். சூடு காட்டும் முள் செத்துப்போன வண்டியை இன்ஜினின் மூச்சை வைத்தே மெட்டு ஏற்றியிருக்கிறார். ஃபேன் பெல்ட் நழுவுவது, ஹப் பேரிங் இரைவது, கியர் எண்ணெய் குறைந்தது எல்லாம் அவருக்கு ஒவ்வொரு ராகம். வூஃபர் வைத்திருந்தால் இந்த நிபந்தனை முதல் நாளே உடைந்திருக்கும். கதவில்லாத வண்டியில் வீண் என்று நினைத்துத்தான் நான் வேண்டாமென்றேன், அவருக்கு அது வேறு கணக்கு.

ஒரு மழைக்காலத்தில் அவரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏலக்காய்ச் சிப்பம் இரண்டு பின்னால், சுந்தராம்பாள் காதருகே. கண் மூடியிருந்த மாமா திடீரென்று கையை நீட்டி செட்டை அணைத்தார். "கேக்குதா?" எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மிதி." மிதித்தேன். வண்டிக்கு அடியில் டிக் என்றது. விட்டேன், மிதித்தேன், டிக். ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, மனிதர் முழங்கால் வலியை மறந்து அடியில் புகுந்தார். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடித்து முறுக்கிப் பார்த்தார். வெளியே வந்து கையைப் புல்லில் துடைத்தார்.

"பின்னால கிராஸ் போகுது. இன்னும் விடல. போடி வரைக்கும் தாங்கும், மெதுவா இறக்கு. நாளைக்கு மாத்திருவோம்."

இறக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டினேன். இரண்டு வளைவு தாண்டியிருப்போம்.

"என்ன மாப்ள, செட்டை ஆஃப் பண்ணிட்டே வர்ற?"

"நீங்கதான மாமா அணைச்சீங்க."

"அது என்னன்னு தெரியுற வரைக்கும். தெரிஞ்சு போச்சுல்ல, அந்தம்மாவைப் பாடச் சொல்லு."